தேன் வடிந்த கதிர்கள்

அந்த வருடம் அடி அண்ணாமலையில் கம்புக் கதிரில் தேன் வடிந்தது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. விடியற்காலையில் வயலுக்குப் போனால் கதிர் முழுக்கத் துளித்துளியாகப் பளபளத்துக்கொண்டு நிற்கும். தொட்டால் விரல் பிசுபிசுக்கும். எறும்பும் ஈயும் கல்யாணப் பந்தி மாதிரி மொய்த்துக் கிடக்கும். புது ஒட்டு ரகக் கம்பு, உரமும் தாராளமாகப் போட்டிருக்கிறது, அந்தச் செழிப்புதான் இப்படி வழிகிறது என்று ஊரில் பாதிப் பேர் பூரித்துப் போனார்கள். மீதிப் பேர் தங்கள் வயலில் ஏன் இன்னும் வடியவில்லை என்று வயிறு எரிந்தார்கள்.

பூரிப்பெல்லாம் அறுவடை வரைக்கும்தான். தேன் வடிந்த இடத்தில் மணி பிடிக்கவில்லை. மணிக்குப் பதிலாகக் கறுப்பாக, எலிப்புழுக்கை மாதிரி ஒன்று முளைத்து நின்றது. அதையும் சேர்த்து அரைத்துக் கூழ் காய்ச்சிக் குடித்தவர்களுக்குத் தலை சுற்றியது, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தது. எழுபத்தெட்டாம் வருடத்து ஐப்பசி அது. வெளியே விடாத தூறல், வீட்டுக்குள் படுத்துக் கிடக்கிற ஆட்கள். ஊருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அதை யார் மேலாவது இறக்கி வைக்க வேண்டுமே, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அதைக் கேட்கத்தான் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். "இந்த நோவு எங்கேருந்துதான் வந்திச்சி?" என்று யாரோ கேட்டதும் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அங்கே சந்திரகலா உட்கார்ந்திருந்தாள்.

சந்திரகலா, பஞ்சாயத்து மெம்பர் பலராமனின் தங்கை. அப்பா அம்மா போன பிறகு அண்ணன்தான் அவளை வளர்த்துப் படிக்க வைத்தான். திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தாள். தற்காலிக வேலை. ஒவ்வொரு ஜூன் மாதமும் மறுபடி கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று வீடே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கும். ஆனால் ஊருக்கு அதெல்லாம் கணக்கில்லை. ஊரில் பி.எஸ்சி. முடித்த முதல் பெண் அவள். செடி வாடினாலும் அவளைத்தான் கேட்பார்கள், மாடு கழிந்தாலும் அவளைத்தான் கேட்பார்கள், டிரான்சிஸ்டர் பாடாவிட்டாலும் அவளைத்தான் கேட்பார்கள். அவளும் எதற்கும் சளைக்காமல் பதில் சொல்வாள். 'தெரியாது' என்கிற சொல் மட்டும் அவள் வாயில் வந்ததே கிடையாது. கம்புக்கு வந்தது ஒரு வியாதி என்றால் அவளுக்கு இருந்த வியாதி அது.

"இது தேன் ஒழுகல் நோய்" என்றாள் சந்திரகலா. "வயல்ல கம்பு இல்லாத காலத்துல இது கொழுக்கட்டைப் புல்லுல போய்க் குடியிருக்கும்னு புஸ்தகத்துல இருக்கு. கம்பு பூக்கறப்போ அங்கேருந்து கிளம்பி வரும். நம்ம கன்னிமார் கோயில் சரிவுல பாருங்க, கொழுக்கட்டைப் புல்லு கதிர் பூரா பிசுபிசுன்னு கெடக்குது. நானே போன வாரம் பார்த்தேன்."

கோபத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது. பலராமன் எழுந்தான்.

"அப்போ அந்தப் புல்லக் கொளுத்திட்டா?"

"கொளுத்தினா போயிடும்" என்றாள் சந்திரகலா.

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குள் நாள் குறித்தாகிவிட்டது. சரிவு இப்போது ஈரம், பச்சைப் புல்லில் தீ பிடிக்காது. தை பிறக்கிற நேரத்துக்குக் காய்ந்துவிடும். போகியன்று எப்படியும் ஊரே பழசைக் கொளுத்தப் போகிறது. அதோடு கோயிலிலிருந்து மேலே பெரிய பாறை வரைக்கும் இருக்கிற புல்லையும் கொளுத்திவிட வேண்டியது. காட்டிலாகாக்காரர்கள் வந்து கேட்டால் போகிப் பொறி பறந்து பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிடலாம். பொய் கூட முன்கூட்டியே தயாராகிவிட்டது.

மறுநாள் காலை சந்திரகலா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் பாஞ்சாலை நின்றிருந்தாள். கையில் அரிவாள், தலையில் சும்மாடு. மலைச்சரிவில் புல் அறுத்து, கட்டு கட்டித் தலையில் சுமந்து போய், டவுனில் ஜட்கா குதிரைகளுக்கும் பால்காரர்களுக்கும் விற்றுத்தான் அவள் குடும்பம் நடந்தது. புருஷன் போய்ப் பல வருடம். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்ததும் அந்தப் புல்தான்.

"டீச்சரம்மா, அது எந்தப் புல்லுன்னு ஒரு தபா வந்து காட்டுங்க. அத்த மட்டும் நானே அறுத்துப் போட்டுடறேன்."

"ஒண்ணு ரெண்டா இருந்தா அறுக்கலாம் பாஞ்சாலக்கா. மொத்தமும் இருக்குமே."

"மொத்தமும் கொளுத்திட்டா மாசி பங்குனிக்கு நான் இன்னாத்த அறுக்கறது? என்னை வுடுங்க. ஊரு மாடுங்க இன்னாத்தத் திங்கும்?"

பஸ் வருகிற சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சந்திரகலா ஓடினாள். சும்மா வாய் வார்த்தைக்குச் சொன்னதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை பாஞ்சாலை மறுபடி வாசலில் நின்றாள், தப்பிக்க முடியவில்லை.

கன்னிமார் கோயில் என்றால் பெரிய கோயிலை நினைத்துக்கொள்ளக் கூடாது. மலைச்சரிவு தொடங்குகிற இடத்தில் ஒரு வேப்பமரம், அதன் கீழ் மஞ்சள் பூசிய ஏழு கல், முன்னால் இரண்டு கல்தூண், தூண்களின் மேல் குறுக்கே ஒரு கல் உத்தரம். அவ்வளவுதான் கோயில். அதைச் சுற்றிக் கொழுக்கட்டைப் புல் இடுப்புயரம் வளர்ந்திருந்தது. சாம்பலும் ஊதாவும் கலந்த பூனைவால் கதிர்கள். சந்திரகலா ஒன்றை வளைத்துப் பிடித்தாள். பிசுபிசுப்பு.

"தோ பாருங்கக்கா, இதுதான்."

"ஆமா, ஒட்டுது. ஆயுத பூஜைக்கு அறுத்தப்போ ஒட்டலியே" என்றாள் பாஞ்சாலை. "சரி, வாங்க மேல."

மேலே ஏறினார்கள். சந்திரகலா அடுத்த கதிரைத் தொட்டாள், ஒட்டியது. இன்னும் கொஞ்சம் ஏறித் தொட்டாள், லேசாக ஒட்டியது. அதற்கு மேல் ஒட்டவில்லை. அவள் நின்று சுற்றும் முற்றும் பார்த்தாள். கொழுக்கட்டைப் புல் இருந்தது, கதிரும் இருந்தது. தேன் மட்டும் இல்லை. பாறை வரைக்கும் ஏறி, இரண்டு பக்கமும் நடந்து, கண்ணில் பட்ட கதிரையெல்லாம் தடவிப் பார்த்தாள். எல்லாம் சுத்தமாக, பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தன.

"இங்க எங்க டீச்சரம்மா நோவு?" என்றாள் பாஞ்சாலை. குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

சந்திரகலா பாறை மேல் உட்கார்ந்துவிட்டாள். முதலில் எரிச்சல் வந்தது. புத்தகத்தில் இருப்பது மலையில் ஏன் இல்லை? நோய் மலையில் குடியிருந்து கீழே இறங்கியது என்றால் மேலே அல்லவா ஜாஸ்தி இருக்க வேண்டும்? இங்கே கீழே ஜாஸ்தி, மேலே போகப் போகக் கம்மி. எரிச்சல் போய் அந்த இடத்தில் அரிப்பு வந்தது. ஒரு விஷயம் பிடிபடாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அண்ணி கட்டிக் கொடுத்த புளிசாதத்தை அன்றைக்கு வெயில்தான் சாப்பிட்டது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சரிவுக்குப் போனாள். மற்ற நாளிலும் கல்லூரி விட்டு வந்ததும் வெளிச்சம் இருக்கிற வரைக்கும் அங்கேதான். அறுத்த தாளில் தாமதமாக விட்ட கம்புக் கதிரின் தேனையும் புல்லின் தேனையும் தனித்தனியாகக் கண்ணாடிச் சில்லில் தடவி எடுத்துப் போய்க் கல்லூரி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே மாதிரி, இரண்டு முனையும் ஒடுங்கிய வித்துகள், எண்ணவே முடியாத அளவு நீந்திக்கொண்டிருந்தன. ஒரு துளியில் இத்தனையா என்று அவளுக்கு மெய் சிலிர்த்தது. பயமாகவும் இருந்தது, அழகாகவும் இருந்தது. நோய் ஒன்றுதான், சந்தேகமில்லை. எது எங்கிருந்து எங்கே போனது என்பதுதான் கேள்வி.

மேலே ஏன் போகவில்லை என்பது முதலில் விளங்கியது. ஒருநாள் மழை விட்ட நேரத்தில் ஓர் ஈயின் பின்னாலேயே அலைந்தாள். ஈ தேன் குடிக்கும், காலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு அடுத்த கதிருக்குத் தாவும். கோயில் பக்கம் ஆட்கள் நடந்து நடந்து, பொங்கல் வைத்து, ஆடு மேய்ந்து, மற்ற புல்லெல்லாம் அழிந்து கொழுக்கட்டைப் புல் மட்டும் வயல் போலத் தனியாக நின்றது. அங்கே ஈ எந்தப் பக்கம் தாவினாலும் கொழுக்கட்டைக் கதிர்தான். மேலே அப்படி இல்லை. ஒரு கொழுக்கட்டைத் தூருக்குப் பக்கத்தில் எலுமிச்சை வாசம் வீசுகிற போதைப்புல், அதற்கடுத்து சேலையில் குத்தி ஏறுகிற ஊசிப்புல், நடுவில் தும்பை, துத்தி, பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ. அவள் துரத்திய ஈ போதைப்புல்லில் உட்கார்ந்தது, துத்தியில் உட்கார்ந்தது, கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டது. அதற்கப்புறம் எங்கே போனதோ. பலவகைப் புல் கலந்து நிற்பதே சரிவுக்கு வேலியாக இருந்தது. தன்னந்தனியாக நின்று சந்திரகலா வாய்விட்டுச் சிரித்தாள். கிரிவலப் பாதையில் போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சிரிப்பு கொஞ்ச நேரத்தில் அடங்கியது. இந்தக் கலப்பைத்தானே கொளுத்தப் போகிறார்கள். கொளுத்தினால் எது முதலில் துளிர்க்கும்? ஆழமாக வேர் விட்டிருக்கிற கொழுக்கட்டைப் புல்தான். மற்றதெல்லாம் திரும்பி வருவதற்குள் சரிவு முழுக்க அதுவே பரவிவிடும். அப்புறம் ஈ பாறை வரைக்கும் தடையில்லாமல் போய் வரலாம். நோயை ஒழிக்கிறேன் என்று மலை முழுக்க அதற்கு வீடு கட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள்.

தீபம் வந்தது, போனது. மலையில் கூட்டம் ஏறி இறங்கியது. கார்த்திகையோடு மழை நின்றுவிட்டது, புல் மஞ்சளாகத் தொடங்கியது. ஊரில் போகிக்குப் பந்தம் கட்டப் பழந்துணி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். சந்திரகலாவுக்கு இன்னும் பாதிதான் தெரிந்திருந்தது. கீழே நோய் எப்படி வந்தது?

மார்கழியில் ஒருநாள் கோயிலுக்கு முன்னால் நின்று நோய் கண்ட புல்லெல்லாம் எங்கெங்கே என்று பார்வையாலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். வட்டமாக இருந்தது. வயல் பக்கத்து வரப்பில் இவ்வளவு இல்லை, மேலே இல்லை. வட்டத்துக்கு நடு கல்தூண். தூணின் மேலிருந்து கீழ் வரைக்கும் பாகு காய்ந்த கோடு மாதிரி ஒரு கறை. கறையோடு செத்து ஒட்டிக்கிடக்கிற எறும்புகள். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

உத்தரத்தில் கம்புக் கதிர்கள் கொத்தாகக் கட்டித் தொங்கின. மணிக்குப் பதில் கறுப்பு முள் முளைத்த கதிர்கள்.

ஊர் வழக்கம் அது. எந்த வீட்டு வயலில் கம்பு முதலில் கதிர் விடுகிறதோ, அந்த வீட்டுப் பெண் ஒரு கொத்துக் கதிரை அறுத்துக் கன்னிமாருக்குக் கட்டுவாள். அடுத்த வருடம் புதுக் கதிர் கட்டுகிற வரைக்கும் அதை யாரும் தொடக் கூடாது. சந்திரகலாவே சின்ன வயதில் அம்மாவோடு வந்து கட்டியிருக்கிறாள். இந்த வருடம் யார் வீட்டுக் கதிர் என்று அவளுக்குத் தெரியாது. புரட்டாசியில் கல்லூரியில் தேர்வு வேலை, அதிகாலை போனால் இருட்டித்தான் வருவாள்.

வீட்டுக்கு வந்தாள். அண்ணி எல்லம்மாள் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். சந்திரகலாவுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அந்த வீட்டுக்கு வந்தவள் எல்லம்மாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. தலை வாரி விட்டது, சோறு ஊட்டியது, பரீட்சைக்குக் கிளம்பும்போது விபூதி வைத்தது எல்லாம் அவள்தான்.

"அண்ணி, இந்த வருஷம் கன்னிமாருக்கு யாரு வீட்டுக் கதிரு?"

"ஏன், நம்ம வூட்டுதுதான். நாந்தான் கட்டினேன். அப்பதான் மொதல் மொதல்ல தேன் வடிய ஆரம்பிச்சிது. வயல் பூரா தேடி, நல்லா வழியற கதிராப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தேன். சும்மாவா? உனக்கு வேலை பர்மனென்ட் ஆவணும்னு வேண்டிக்கிட்டு இல்ல கட்டினேன்."

சந்திரகலாவுக்காகவே அண்ணி இருப்பதிலேயே தேன் ஒழுகுகிற கதிராகப் பார்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நோய் முற்றிய கதிராகப் பார்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒன்றுதான் என்பதை எப்படிச் சொல்வது? சந்திரகலா கொல்லைப் பக்கம் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள்.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. நோய் வயலிலிருந்து புல்லுக்குப் போயிற்று சரி, வயலுக்கு எப்படி வந்தது? விதைத்தது போக மீதியிருந்த கம்பு பரண் மேல் ஒரு கோணிப் பையில் இருந்தது. வெளியூர் வண்டி ஒன்று சந்தைக்கு வந்து விற்றுவிட்டுப் போன விதை. பலராமன்தான் முதலில் வாங்கினான். மெம்பர் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஊரே அவன் பின்னால் வாங்கியது. சந்திரகலா வாளித் தண்ணீரில் கரிக்கக் கரிக்க உப்பைக் கரைத்து அதில் ஒரு படி விதையைக் கொட்டிக் கலக்கிவிட்டாள். நல்ல மணியெல்லாம் அடியில் போய் உட்கார்ந்தது. மேலே கறுப்பு முள்கள் மிதந்தன.

அவற்றை அள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அண்ணனிடம் போனாள். விதையோடு மண்ணுக்குள் போனது இது, மழை ஈரத்தில் முளைத்தது, கம்பு பூக்கிற நேரத்தில் காற்றில் கிளம்பிக் கதிரில் ஏறியது. புல்லுக்கு நாம்தான் கொண்டுபோய்க் கொடுத்தோம் என்று ஒன்று விடாமல் சொன்னாள். பலராமன் கேட்டுக்கொண்டான். முகம் இறுகிப் போயிற்று.

"இத்த ஊர்ல சொன்னா இன்னா ஆவும் தெரியுமா? வெதை நான் வாங்கினது. கதிரு உங்க அண்ணி கட்டினது. வாந்தி எடுத்தவன் எல்லாம் நம்ம வூட்டு வாசல்ல வந்து நிப்பான்."

"அதுக்காக மலையக் கொளுத்தறதா அண்ணா?"

"நான் சொன்னனா? நீதான சொன்ன, கொளுத்தினாப் போயிடும்னு? புல்லுக்கு வாயா இருக்குது? அத்தக் கேக்க யாரு வரப்போறாங்க? வுடு."

சந்திரகலா உள்ளங்கையை மூடிக்கொண்டாள். தன்னைப் படிக்க வைக்கக் கழனியில் பாதியை அடமானம் வைத்த அண்ணன் அவன். அந்தப் படிப்பை வைத்து அவனையே ஊருக்கு முன்னால் நிறுத்துவதா? வெளியே அம்மிச் சத்தம் நின்றுவிட்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

போகியன்று விடியற்காலை பனி இறங்கிக்கொண்டிருந்தது. பறை கொட்டிக்கொண்டு, கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் தூக்கிக்கொண்டு ஊர் கன்னிமார் கோயிலுக்குக் கிளம்பியது. கோயிலுக்கு முன்னால் பழசையெல்லாம் குவித்து நெருப்பு வைத்தார்கள். அதில் பந்தத்தைப் பற்றவைத்துக்கொண்டு சரிவில் ஏற வேண்டியதுதான் பாக்கி. பாஞ்சாலை அவர்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தாள். கோயிலைச் சுற்றியிருந்த நோய்ப் புல்லைக் கூடியவரைக்கும் அறுத்துக் குவித்துவிட்டு, அரிவாளோடு நடுவில் நின்றாள். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

பந்தத்தோடு முதல் ஆள் நகர்ந்தான். சந்திரகலா குறுக்கே போய் நின்றாள்.

"கொஞ்சம் இருங்க. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. நோவு மலையிலேருந்து வரல. மேலே புல்லு சுத்தமா கீது, வந்து தொட்டுப் பாருங்க. கொளுத்தினா அப்புறம்தான் மலை பூரா நோவு ஏறும்."

சலசலப்பு எழுந்தது. படித்தவள் அன்றைக்கு ஒன்று சொன்னாள், இன்றைக்கு ஒன்று சொல்கிறாள் என்று ஒருவர் இழுத்தார். தினமும் கன்னிமாருக்கு விளக்கேற்றுகிற மண்ணாங்கட்டி முன்னால் வந்தார். பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். ஊரில் யாரையும் நிறுத்திக் கேள்வி கேட்கிறவர் அவர் ஒருவர்தான்.

"செரிம்மா. மலையிலேருந்து வரலன்னா எங்கேருந்து வந்திச்சி? அத்தச் சொல்லு."

சந்திரகலா வாயைத் திறந்தாள். நெருப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்றிருந்தான். சொல்லிவிடாதே என்று அவன் கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டான். அதைப் பார்த்ததும் அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். பந்தம் வைத்திருந்தவன் அவளைச் சுற்றிக்கொண்டு மேலே போகப் பார்த்தான்.

அப்போது எல்லம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நேராகக் கல்தூணுக்குப் போனாள். எட்டி உத்தரத்திலிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கதிர்க்கொத்து அவள் கையில் வந்தது.

"ஏய் எல்லம்மா! அம்மாளுக்குக் கட்டினத்த அவுக்கறியே, இன்னா காரியம் பண்ற?" என்று மண்ணாங்கட்டி பதறினார்.

"நோவு புடிச்ச கதிரக் கட்டினவ நான். தேனுன்னு நெனச்சிக் கட்டினேன். இதுலேருந்துதான் புல்லுக்குப் போச்சி. அம்மா கோச்சிக்கணும்னா என்னக் கோச்சிக்கட்டும். புல்லு இன்னா பண்ணிச்சி?"

சொல்லிவிட்டுக் கொத்தை நெருப்பில் போட்டாள். கதிர்கள் படபடவென்று வெடித்தன. பறை நின்றுவிட்டது. பலராமன் திரும்பி ஊர்ப் பக்கம் விறுவிறுவென்று நடந்தான். பெண்டாட்டி மேல் கோபித்துக்கொண்டு போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சந்திரகலாவும் அப்படித்தான் நினைத்தாள். இனி அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நெருப்பு பாதி தணிந்தபோது அவன் திரும்பி வந்தான். தோளில் கோணிப் பை. அதை அவிழ்த்து, மீதி விதை முழுவதையும் நெருப்பில் கவிழ்த்தான்.

"வெதையிலயே இருந்திருக்குது. ஊருக்கு வாங்கச் சொன்னவன் நான்" என்றான். "கேக்கறவங்க என்னைக் கேளுங்க. மலைய வுடுங்க."

கேட்டார்கள். நன்றாகவே கேட்டார்கள். வாந்தி எடுத்துப் பிழைத்த ஒருவர் மெம்பர் பதவியையே ராஜினாமா செய்யச் சொன்னார். இன்னொருவர் அந்த விதை வண்டிக்காரன் மறுபடி சந்தைக்கு வரட்டும், வண்டியோடு நிறுத்தி வைக்கிறேன் என்று கறுவினார். பலராமன் எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொன்னான். சந்திரகலாவும் பாஞ்சாலையும் அறுத்துக் குவித்த நோய்ப் புல்லை அள்ளி அள்ளி அந்த நெருப்பிலேயே போட்டார்கள். பந்தங்கள் ஒவ்வொன்றாக அங்கேயே விழுந்தன. சரிவில் யாரும் ஏறவில்லை.

வெளிச்சம் நன்றாக வந்த பிறகு ஆட்கள் கலைந்தார்கள். எல்லம்மாள் மட்டும் வெறும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் தாரையாக ஓடியது.

"உனக்கோசரம் வேண்டிக்கிட்டுக் கட்டினது கலா. என் கையாலயே கொளுத்திட்டேனே. இனிமே உன் வேலை இன்னா ஆவும்?"

சந்திரகலா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் முன்னால் தன்னால் சொல்ல முடியாததை இந்தக் கை செய்தது. அண்ணியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது, அழுதாள்.

பாஞ்சாலையைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் பாறைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்தாள். கை நிறையப் புல். போதைப்புல், ஊசிப்புல், நடுவில் பஞ்சு மாதிரி கொழுக்கட்டைக் கதிர். எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி எல்லம்மாளிடம் நீட்டினாள்.

"வெறுமனே வுடக் கூடாதும்மா. இத்தக் கட்டுங்க. ஒவ்வொண்ணா தொட்டுப் பார்த்துத்தான் எடுத்தாந்தேன். ஒட்டல."

எல்லம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கட்டுவதற்கு முன் அவளும் ஒவ்வொரு கதிராக விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு உத்தரத்தில் கட்டிக் கும்பிட்டாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று சந்திரகலா கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் எல்லம்மாள் கேட்டாள்: "அடுத்த வருஷம் இந்த நோவு வருமா, வராதா?"

சந்திரகலா நின்று சரிவைப் பார்த்தாள். விதையை உப்புத் தண்ணீரில் போட்டு எடுக்கச் சொல்லலாம். கோயிலைச் சுற்றி மறுபடி பலவகைப் புல் வளர விடலாம். ஆனாலும் மண்ணில் உதிர்ந்த முள் எத்தனை, காற்றில் போனது எத்தனை, யார் கண்டார்கள்?

"தெரியல அண்ணி" என்றாள்.

எல்லம்மாள் ஆச்சரியமாக அவளைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அந்த வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்து அவள் கேட்டதில்லை.

"தெரியலன்னா போய்ப் போய்ப் பார்த்துக்கினே இரு" என்றாள். "நானும் வரேன். புளிசாதம் எடுத்தாந்தா இந்தத் தபாவாவது தின்னு."